முறுக்கு கடிச்சேன்

மாசிலாமணிக்கு அந்த மீன்தொட்டியைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. பல்லுக்கு வைத்தியம் பார்க்க வருகிறவனுக்கு மீன் எதற்கு. ஒரே ஒரு ஆரஞ்சு மீன், கண்ணாடியில் மூக்கை முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க வாய்கள் வேறு. முகமே இல்லாமல் வாய்களை மட்டும் வெட்டி எடுத்து, சிகிச்சைக்கு முன், பின் என்று இரண்டிரண்டாக ஒட்டியிருந்தார்கள். தில்லைநகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த இந்தக் கிளினிக்குக்கு மகள் மதுவந்தியை ஒன்றரை வருஷமாக மாதம் ஒரு தடவை கூட்டி வந்தது அவன் மனைவி புனிதாதான். இன்றைக்குத்தான் அவன் முதல்முதலாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறான். காலையில் கொடியில் துணி போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் புனிதா சொல்லிவிட்டாள்: "நீங்களே கூட்டிட்டுப் போங்க. எப்படி உடைஞ்சதுன்னு டாக்டரம்மா கேப்பாங்க. அதையும் நீங்களே சொல்லுங்க." அதையும் என்று சொல்லும்போது ஒரு பாவாடையை ஓங்கி உதறினாள். அந்த உதறல் இன்னும் காதில் இருந்தது. சொல்லுங்க என்றால் என்ன சொல்வது. மதுவந்தி அவனுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நடுவில் ஒரு நாற்காலி விட்டு, அதில் பள்ளிக்கூடப் பையை வைத்து, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பை, மூட்டை மாதிரி. அதைத் தாண்டித்தான் அவளைப் பார்க்க வேண்டியிருந்தது. இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது. உள்ளேயிருந்து நாக்கால் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தாள், கன்னம் அசைந்து அசைந்து அடங்கியது. பல்லை உள்ளே தள்ளப் போட்ட கிளிப்பின் கம்பி கடைசிப் பல்லின் வளையத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து சதையைக் குத்துகிறது என்று அவனுக்குத் தெரியும். நேற்று ராத்திரி புனிதா மெழுகை உருட்டி உருட்டி அந்த முனையில் வைத்ததையும், அது நிற்காமல் விழுந்ததையும் கதவோரம் நின்று பார்த்தான். உள்ளே போகவில்லை.

ஒரு அடி. ஒரே ஒரு அடி. ஊரில் எந்த வீட்டில் விழாத அடி. கம்பி இல்லாத வாயாக இருந்திருந்தால் அது அடியாகவே முடிந்திருக்கும். அவள் கொஞ்ச நேரம் அழுதிருப்பாள், அவன் கொஞ்ச நேரம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்திருப்பான், சாயந்திரம் யாராவது தோசைக்குச் சட்னி கேட்டிருப்பார்கள், தீர்ந்தது. கம்பிதான் அதைக் காயமாக்கிவிட்டது. வாய்க்குள் இரும்பை ஒட்டச் சொன்னது யார்? நான் சொன்னேனா? பல் கொஞ்சம் முன்னால் இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று அன்றைக்கே கேட்டேன். இந்த டாக்டரம்மா எஸ்தர், படத்தைக் காட்டி, பேனாவால் கோடு போட்டு, அம்மாவையும் மகளையும் மயக்கிவிட்டாள். இப்போது ஒரு அடிகூடத் தாங்காத வாயாக அது ஆகிவிட்டது. தாங்காத என்ற சொல் வந்ததும் மாசிலாமணிக்குத் தன் நினைப்பே இடறியது. தாங்கும் வாய் என்று ஒன்று உண்டா. அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். காலண்டர் தாளில் மடித்த பொட்டலம் இருந்தது. உள்ளே எள்ளு அளவுக்கு ஒரு உலோகத் துண்டு, கம்பியைப் பிடிக்கிற பிராக்கெட், பல்லில் ஒட்டியிருந்தது, நேற்று தரையில் தெறித்து டிக் என்று ஒரு சத்தம் போட்டு உருண்டது. அறைந்த சத்தம் அவனுக்கு ஞாபகமே இல்லை. அந்த டிக் மட்டும் இருக்கிறது. புனிதா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தேடினாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். குனிந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று நின்றான்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வேர்ச்சிகிச்சைக்கு வந்தவள் போல, தாடையில் கையை வைத்திருந்தாள். "பாப்பாவுக்கு என்னாச்சு, கன்னம் வீங்கியிருக்கு?" என்று கேட்டாள்.  உனக்கு எதுக்கு இந்த விசாரிப்பு, உன் பல்லைப் பார்த்துக்கொண்டு போ என்று மாசிலாமணிக்கு வாய்வரை வந்தது. அதற்குள் மதுவந்தி சொன்னாள். "முறுக்கு ஆன்ட்டி. கடிச்சேன், கம்பி கழண்டுடுச்சு." அந்த அம்மாள் விடவில்லை. "கிளிப் போட்டுக்கிட்டு முறுக்கு திங்கலாமா?" "திங்கக்கூடாதுதான். ஃப்ரெண்டு வீட்ல சுட்டாங்க. தேன்குழல்னு நெனச்சுக் கடிச்சேன், கைமுறுக்கு. கல்லு மாதிரி இருந்துச்சு." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள், சிரிக்கும்போது குத்தியிருக்க வேண்டும், கண்ணைச் சுருக்கினாள். அம்மாளும் சிரித்தாள். மாசிலாமணிக்கு அப்பாடா என்று இருந்தது. தோளிலிருந்து ஏதோ இறங்கியது. நல்ல பெண், வீட்டு விஷயத்தை வெளியில் விடாத பெண். அந்த நிம்மதி ஒரு நிமிஷம் நின்றிருக்குமா, அதற்குள் அடியிலிருந்து வேறொன்று வந்தது. தேன்குழல் என்று ஏன் சொன்னாள்? முறுக்கு என்றால் போதாதா? தேன்குழல் என்று நினைத்தது, கைமுறுக்காக இருந்தது, கல்லு மாதிரி இருந்தது. இவ்வளவையும் எப்போது சேர்த்துவைத்தாள்? ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போதா, ராத்திரி படுத்துக்கொண்டா? ஒரு தடுமாற்றம் இல்லை. அவனைத் திரும்பிப் பார்த்து, சரிதானே என்று ஒரு பார்வைகூட இல்லை. புதிதாகப் பொய் சொல்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பார்கள். இவள் பார்க்கவில்லை.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எல்லாம். அவன் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் ஓனரின் மகன் போன் பண்ணினான். பெரியவர் படுத்துவிட்டதால் இப்போது இவன்தான் முதலாளி, இருபத்தாறு வயசு. "மாஸ்டர், ஒரே வருஷத்துல ரெண்டாவது கிளட்ச் பிளேட். நீங்க பக்கத்துல உக்காந்து என்னதான் சொல்லித் தர்றீங்க?" மாசிலாமணி சரிங்க சார் என்றான். பாத்துக்கிறேங்க சார். சரிங்க சார். பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறான், ஒரு கீறல் விழவிட்டதில்லை. பேங்க் வேலைக்காரப் பெண்கள், ரிட்டையர் ஆன வாத்தியார்கள், பயந்து நடுங்குகிறவர்கள் எல்லோரும் மாசிலாமணி மாஸ்டர்தான் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். கோபமே வராத மனுஷன் என்று பேர். போன மாதம் ஒரு அம்மாள் பாலக்கரையில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். பழவண்டி ஒரு சாண் தூரத்தில். அவன் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டு, "ஒண்ணும் ஆகலம்மா, மூச்சு விடுங்க, மறுபடி எடுக்கலாம்" என்றான். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது. அதே வாய்தானே. நேற்று முதலாளிக்குச் சரி சொல்லிவிட்டுப் போனை வைத்தான். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தது, மோர் ஊற்றியிருந்தது. மதுவந்தி அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிளிப்புக்குள் காற்று இழுத்து விசில் அடிக்கிற அந்த உச்சரிப்பில், "சரிங்க சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கேலியா, செல்லமா, சும்மா வாயில் வந்ததா? புனிதா புரைக்கேறச் சிரித்தாள். அவளும் சிரித்ததுதான். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால். இல்லை, அந்தப் பயல் போன் பண்ணாமல் இருந்திருந்தால். ஞாயிற்றுக்கிழமைகூட மனுஷனை நிம்மதியாகச் சாப்பிட விடாத பயல். யோசித்துக்கொண்டே போனால் கை யாருடையதோ என்று ஆகிவிடும்போல இருந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளங்கையில் ஒரு கீறல் இருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே, மெல்லிசாக, அறைந்தபோது அவள் உதட்டோரத்தில் கம்பி கிழித்தது. அது அவன் கைதான்.

மார்ச் மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வகுப்பு டீச்சர் அவனைப் பார்த்ததும், "மதுவுக்கு மணிக்கட்டு சரியாயிடுச்சா? பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாளாமே" என்றாள். மாசிலாமணிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவன் செல்போனைப் பிடுங்கும்போது அவள் கையைச் சேர்த்து முறுக்கியது. "ம், இப்ப பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனான். அப்போதும் இதே நிம்மதிதான். பாத்ரூம், வழுக்கல், சோப்புத் தண்ணி என்றெல்லாம் டீச்சரிடம் சொல்லியிருப்பாளோ? வேறு யார் யாரிடம் என்னென்ன சொல்லியிருப்பாள்? தெருவில் தன்னைப் பார்த்து வணக்கம் சொல்கிறவர்கள் எல்லாம் அவள் கதை கட்டி உருவாக்கிய அப்பாவுக்குத்தான் வணக்கம் சொல்கிறார்களோ என்று ஒரு பயம் வந்தது. பயம் உடனே கோபமாக மாறியது, அவனுக்கு எப்போதும் அப்படித்தான், நடுவில் ஒரு மூச்சுகூட எடுக்க முடியாது. என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பெண்ணுக்கு. அப்பனைக் காப்பாற்றுகிறாளாமே. யார் கேட்டார்கள். பையைத் தாண்டிப் பார்த்தான். சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தாள், காலாண்டுப் பரீட்சை. ஆனால் பக்கம் திரும்பவில்லை. அவன் அந்தப் பக்கம் பார்க்கிறான் என்று தெரிந்ததும் நாக்கால் தள்ளுவதை நிறுத்திக்கொண்டாள். கன்னம் அசையாமல் நின்றது. தன் பார்வை பட்டாலே அவள் வாயில் இருப்பது நின்றுவிடுகிறது என்று மாசிலாமணி கண்டுகொண்டான், அதைக் கண்டுகொள்ளாதவனைப் போல மீனைப் பார்க்கத் திரும்பினான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் மதுவந்தி அந்தச் சாய்வு நாற்காலியில் தானாக ஏறிப் படுத்துக்கொண்டாள், தலையை எங்கே வைக்க வேண்டும், துண்டை எப்படி நீட்ட வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் எஸ்தருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது, அந்தக் கண் சிரித்தது. "வாங்க மேடம். இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க?" "முறுக்கு, டாக்டர்." "முறுக்கா! உன்னை என்ன பண்றது நான்?" விளக்கைத் தாழ்த்தி, உதட்டை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வாயில் மாட்டினாள். மதுவந்தியின் முகம் சட்டென்று சுவரில் இருந்த படங்களில் ஒன்றாக ஆகிவிட்டது, வெறும் வாய், ஈறு, கம்பி. மாசிலாமணி பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது சார், புதுசுதான் ஒட்டணும்" என்று அவள் அதைப் பிரிக்காமலே டிரேயில் போட்டாள். உள்ளே பார்த்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள். திட்டுகிற குரலா அது, சொந்த அக்கா அதட்டுகிற மாதிரி. "ரெண்டு பிராக்கெட் போயிருக்கு. கன்னத்துல பாரு, எவ்வளவு பெரிய புண்ணு. எத்தனை தடவை சொன்னேன் உனக்கு? கார்டை எடுத்துப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு. ஜனவரியில கரும்பு. ஜூன்ல கொய்யாக்கா. இப்ப முறுக்கு. சார், வீட்ல நீங்களாவது கொஞ்சம் கண்டிச்சு வைக்கக்கூடாதா?"

ஜனவரியில் கரும்பு. மாசிலாமணிக்குக் காதில் வேறு எதுவும் விழவில்லை. ஜனவரியில் கம்பி உடைந்ததா? ஜூனிலுமா? புனிதா சொல்லவே இல்லையே. ஏன் சொல்லவில்லை? பொங்கல் சமயத்தில் வீட்டில் கரும்பு இருந்தது, கட்டாக வாங்கிவந்து மூலையில் சாத்தியிருந்தான், அது ஞாபகம் இருக்கிறது. இவள் கடித்தாளா? கடித்திருப்பாள், பிள்ளைகள் கடிக்கும். ஆனால் அந்த வாரத்தில் ஒரு நாள். ஏதோ ஒரு நாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவன் எழுந்து போனது, புனிதா நடுவில் வந்து நின்றது. அது பொங்கலுக்கா, அதற்கு முந்தின தீபாவளிக்கா? எழுந்து போனது தெரிகிறது, போய் என்ன செய்தான் என்பது தெரியவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஜூனில்? ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள், ஒரு சண்டை வந்தது, எதற்கு? கத்தினான். கத்தினது மட்டும்தானா? பத்தொன்பது வருஷத்தில் எந்தத் தெருவில் எந்த அம்மாள் கியரை மாற்றிப் போட்டாள் என்று சொல்லக்கூடியவன், தன் வீட்டில் தன் கை என்ன செய்தது என்று தெரியாமல் நின்றான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்க வேண்டும். அவளோ வாய் திறந்து படுத்திருந்தாள், டாக்டர் மறுபடி ஏதோ அதட்டினாள், "முறுக்கு தின்ன வாய்க்கு இது வேணும்" என்று சிரித்துக்கொண்டே பஞ்சை வைத்தாள், மதுவந்தியின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. வலியில்தான் வந்திருக்கும்.

"நான்தான் அடிச்சேன்" என்றான் மாசிலாமணி.

டாக்டரின் கை நின்றது. "என்ன சார்?" "முறுக்கு இல்லைங்க. நேத்து நான் அடிச்சேன். கன்னத்துல." நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தையாக வர முடியாத ஒரு சத்தம், அந்த வளையம் உதட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது, மதுவந்தி ஆ, ஆ என்று தலையை ஆட்டினாள், கையைத் தூக்கி அவன் பக்கம் வேண்டாம் என்பதுபோல் வீசினாள். டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினாள். கீழே இருந்த முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் மதுவந்தியைப் பார்த்தாள், கன்னத்தை, கழுத்தை, மணிக்கட்டை, வேறொரு பெண்ணைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீங்க வெளியில உக்காருங்க சார்" என்றாள். "அவங்க அம்மா நம்பர் என்கிட்ட இருக்கு. நான் பேசிக்கிறேன்."

வெளியில் வந்து உட்கார்ந்தான். தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாள் போய்விட்டிருந்தாள். உடம்பு காற்றாக இருந்தது. சொல்லிவிட்டேன். புனிதா, நீங்களே சொல்லுங்க என்றாய், சொல்லிவிட்டேன், எத்தனை பேர் சொல்லுவார்கள், எத்தனை அப்பன் இப்படி டாக்டர் முன்னால் நின்று சொல்லுவான். அந்த நினைப்பு இனித்தது. மகள் வெளியே வந்ததும் அழுவாள், இவன் தலையைத் தடவுவான், ஏதாவது மெத்தென்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கலாம், கம்பிக்கு ஒன்றும் ஆகாது. முக்கால் மணி நேரம் இப்படியே தன்னை மன்னித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தபோது எழுந்து நின்றான். மதுவந்தி அவனைக் கடந்து போய்ப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். பின்னாலேயே இறங்கினான். மருந்துக்கடை வாசலில் அவள் திரும்பினாள். புதுக் கம்பி வெயிலில் மின்னியது.

"உங்களை யாருப்பா சொல்லச் சொன்னது?"

"தப்பு என்னோடதும்மா. அதான்..."

"நான் வாயைத் திறந்து வெச்சுப் படுத்திருக்கேன். என்னால பேசக்கூட முடியல. அப்பத்தான் உங்களுக்குச் சொல்லணுமா?" குரல் உயரவில்லை. கடைக்காரனுக்குக் கேட்காத அளவுக்குத்தான் பேசினாள், அந்த அளவும் அவளுக்குப் பழகியிருந்தது. "அந்த டாக்டர் என்னை எப்படித் திட்டுவாங்க தெரியுமா? கரும்பு ராணி, கொய்யா ராணின்னு. அங்க நான் சும்மா முறுக்கு திங்கிற பொண்ணு. அவ்ளோதான். இப்ப தலையைத் தடவிக் குடுக்குறாங்க. யார்கிட்டயாவது பேசணுமா, பயமா இருக்கான்னு கேக்குறாங்க. இன்னும் எட்டு மாசம் நான் வரணும். ஒவ்வொரு தடவையும் கன்னத்தைத்தான் பாப்பாங்க. பல்லைப் பாக்க மாட்டாங்க."

 அவன் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான், அதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டான். "ஜனவரியில... அது நானாம்மா? ஜூன்ல?"

மதுவந்தி அவனை நேராகப் பார்த்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். மாசிலாமணி இல்லை என்று தலையசைத்தான். அவள் முகத்தில் ஏதோ நகர்ந்து உடனே நின்றது.

"அம்மா ஆட்டோவுல வந்துட்டிருக்காங்க. நான் அவங்களோட போறேன். நீங்க கெளம்புங்க."

சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்றுகொண்டாள். அவன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகவும் முடியாமல், கிளம்பவும் முடியாமல் நின்றான். நடுவில் பஸ்கள் போயின. கால்மணி நேரத்தில் ஆட்டோ வந்தது. புனிதா இறங்கி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், அவன் நின்ற பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அவர்கள் ஏறப்போகிற சமயத்தில் மாசிலாமணி வண்டியைப் போட்டுவிட்டு, ஹார்ன் அடித்துத் திட்டிய ஒரு வேன்காரனைத் தாண்டி ஓடிப்போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தான். "மது, அதை மட்டும் சொல்லிட்டுப் போம்மா."

மதுவந்தி உள்ளே தள்ளி உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கரும்புதாம்ப்பா" என்றாள். "பொங்கலுக்கு வாங்கினோமே, கருப்புக் கரும்பு. கணுவுல கடிச்சேன், கல்லு மாதிரி இருந்துச்சு."

லேசாகச் சிரித்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை. டிரைவர் கியரைப் போட்டான், மாசிலாமணி கையை எடுத்துக்கொண்டான்.